கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா?

செம்பரம்பாக்கத்தில் ஒரு சாயங்காலம். கடைக்குப் போய்த் திரும்பிய தாத்தாவை வாசலிலேயே நிறுத்திப் பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, இன்னொரு செருப்பு எங்க?" தாத்தா குனிந்து பார்க்கிறார். வலது காலில் செருப்பு இருக்கிறது. இடது கால் வெறுங்கால். எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் அப்படியே நடந்து வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. வயசாச்சு, ஞாபகம் இல்லை என்று சொல்லி வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

காட்சி கற்பனை. ஆனால் இருபது வருடமாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். மறதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. செருப்பு கழன்ற செய்தி அவருடைய மூளைக்கு வந்து சேரவே இல்லை.

இதே தாத்தா ராத்திரி படுத்ததும் வேறொன்று சொல்வார்: "உள்ளங்கால் திகுதிகுன்னு எரியுது." ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு தூங்கப் பார்ப்பார். எரிச்சலை இவ்வளவு கூர்மையாக உணர்கிற கால், செருப்பு போனதை மட்டும் ஏன் உணரவில்லை? மரத்துப்போன காலுக்கு எரிவது எப்படித் தெரிகிறது?

இந்தப் புதிருக்கான விடை, காலிலிருந்து மூளைக்குப் போகும் கம்பிகளில் இருக்கிறது.

ஒரு கால், பல கம்பிகள்

நிலைப்படியில் கால் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாதவர் யார்? அடுத்த முறை இடித்துக்கொள்ளும்போது கவனியுங்கள். இடித்தது உடனே தெரிந்துவிடும். "இதோ வலிக்கப் போகிறது" என்று நினைக்க ஒரு கணம் அவகாசம்கூடக் கிடைக்கும். பிறகுதான் அந்த விண்விண்ணென்ற வலி வந்து சேரும். ஒரே அடிக்கு இரண்டு செய்திகள், இரண்டு வேகங்கள்.

காரணம், நாம் ஒரு நரம்பு என்று சொல்வது ஆயிரக்கணக்கான நரம்பிழைகளின் கட்டு. சில இழைகள் தடிமனானவை. மேலே கொழுப்புறை போர்த்தியவை. தொடுதல், அதிர்வு, விரல் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்ற உணர்வு எல்லாம் இவற்றில் போகும், நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில். மற்றவை மெல்லியவை. சூடு, குளிர், வலி இவற்றின் பொறுப்பு. இவற்றில் மிக மெல்லியவற்றில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் நகரும், மனிதர் நடக்கும் வேகம். ஜோசப் எர்லாங்கர், ஹெர்பர்ட் காசர் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரே நரம்பில் ஓடும் சைகைகளைக் கருவியில் பதிவுசெய்து, அவை வெவ்வேறு வேகக் கூட்டங்களாகப் பிரிந்து வருவதைக் காட்டினார்கள். அதற்காக 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

தாத்தாவின் புதிர் இப்போது பாதி அவிழ்கிறது. செருப்பு பாதத்தில் உரசும் செய்தி தடித்த இழைகளின் வேலை, அவை அடங்கிவிட்டன. எரிச்சல் மெல்லிய இழைகளின் வேலை. அவை சேதமாகும்போது, அறுந்துகொண்டிருக்கும் மின்கம்பி பொறி தெறிப்பதுபோல், வெளியே நெருப்பே இல்லாமல் "எரிகிறது" என்று தாமாகவே சைகை அனுப்புகின்றன. எரிச்சலும் மரத்துப்போவதும் ஒரே சேதத்தின் இரண்டு முகங்கள். எரிச்சல் ஒருநாள் தானாக நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். பொறி தெறித்த கம்பியும் அறுந்துபோயிருக்கலாம்.

விரல் நுனி ஏன் முதலில்?

சர்க்கரை ரத்தத்தோடு உடம்பு முழுக்கத்தான் ஓடுகிறது. அப்படியானால் சேதம் ஏன் கால்விரலில் தொடங்குகிறது?

கால் கட்டைவிரலின் தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்பணுவின் உடல் காலில் இல்லை. அது இடுப்புப் பக்கம், முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதிலிருந்து கிளம்பும் இழையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அந்த அணுவை ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணின் அளவுக்குப் பெரிதாக்கினால், செம்பரம்பாக்கத்தில் நிற்கும் அவருடைய கை மெரினா கடற்கரைவரை நீளும்.

அந்தக் கையின் விரல் நுனிக்கு வேண்டிய புரதம் முதலிய சரக்கு எல்லாம் அணுவின் உடலில்தான் தயாராகிறது. அங்கிருந்து இழைக்குள்ளேயே நுனிவரை போய்ச் சேர வேண்டும். இது ஊகம் இல்லை. 1948இல் பால் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ இருவரும் விலங்குகளின் நரம்பை ஓரிடத்தில் இறுக்கிவைத்துப் பார்த்தார்கள். வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்குமே, அதேபோல் இறுக்கிய இடத்துக்கு மேல்பக்கம் நரம்பு புடைத்தது. உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அவசரச் சரக்கு நாளைக்கு 40 சென்டிமீட்டர்வரை நகரும். விரலை எட்ட இரண்டரை நாள் ஆகும். மெதுவான சரக்கு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அது கால்விரலைச் சேர ஆண்டுக்கணக்கு.

ஏரிப்பாசனம் தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரி இன்று சென்னையின் குடிநீர்த் தொட்டி. மழைக்காலத்தில் "24 அடியில் இன்று எத்தனை அடி?" என்று ஊரே கேட்கும். ஆனால் மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சியவர்களின் கேள்வி வேறு: கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா? வாய்க்காலில் எங்கே கசிந்தாலும், எங்கே தூர்ந்தாலும், முதலில் காய்வது கடைக்கோடி வயல்தான். தலைமடைக்காரருக்குப் பஞ்சமே தெரியாது.

நம் உடம்பின் கடைமடை கால்விரல் நுனி. நீடித்த அதிகச் சர்க்கரை நரம்புக்குள் வேதி மாற்றங்களை உண்டாக்குகிறது. நரம்புக்கே ரத்தம் தரும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. வாய்க்கால் நெடுகக் கொஞ்சம் கொஞ்சம் நட்டம். விளைவு மிக நீளமான இழையின் நுனியில் முதலில் தெரிகிறது.

நீளம்தான் காரணம் என்பதற்குச் சாட்சி உண்டு. சேதம் பெரும்பாலும் இரண்டு கால்களிலும் சமமாகத் தொடங்கிக் காலுறை போட்டதுபோல் மேலே ஏறுகிறது. ஏறக்குறைய முழங்காலை எட்டும் சமயத்தில் கைவிரல் நுனிகளிலும் மதமதப்பு ஆரம்பிக்கிறது. முதுகெலும்பிலிருந்து அளந்தால் முழங்கால் பக்கம் வரும் இழையும் கைவிரலுக்கு வரும் இழையும் கிட்டத்தட்ட ஒரே நீளத்துக்கு வருகின்றன. உயரமானவர்களுக்கு இந்தச் சேதம் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதும் இதோடு பொருந்துகிறது.

செங்கல்பட்டில் கிடைத்த பாடம்

நரம்புச் சேதம் வந்தவர்களில் பாதிப்பேர்வரை எந்தத் தொந்தரவும் சொல்வதில்லை. வராத செய்தியைப் பற்றி யாரால் புகார் சொல்ல முடியும்? வலியில்லாத கால் எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகத்துக்குக் காட்டியதில் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பாடம் சர்க்கரை நோயிலிருந்து வரவில்லை, தொழுநோயிலிருந்து வந்தது.

பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்த புதிதில், செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. பிராண்டுக்கு அந்த விளக்கம் திருப்தியாக இல்லை. துருப்பிடித்து இறுகிய பூட்டில் சாவியை அவரால் திருப்ப முடியாதபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் வாங்கித் திருப்பிக் கொடுத்தான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது விரல் காணாமல் போன மர்மத்தைக் காவலிருந்து பார்த்தார்கள். எலிகள் வந்து கடித்துக்கொண்டிருந்தன, தூங்கியவர் அசையவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகளை வளர்க்கக் கொடுத்தார் பிராண்ட்.

கிருமி செய்தது நரம்பைக் கெடுத்தது மட்டும்தான். விரல்களைப் பறித்தவை வெட்டும் சூடும் உரசலும். நம்மைத் தடுத்து நிறுத்த வேண்டிய வலி, அங்கே வேலைக்கு வரவில்லை. இந்தத் தடுத்து நிறுத்தும் உணர்வைத் தமிழில் காப்புணர்வு என்று சொல்லலாம்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்த்தபோது அவருக்கு அது பழகிய காட்சி. நோய் வேறு, உணர்வற்ற காலும், அது தெரியாமல் அதன்மேல் நடந்து நடந்து உண்டான புண்ணும் ஒன்றே.

அப்படியானால் புண் வருமுன்பே காப்புணர்வு போய்விட்டதா என்று அளக்க வேண்டும். எவ்வளவு மெல்லிய தொடுதல் தெரியாமல் போனால் ஆபத்து? கார்விலில் பர்க், சிம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் வெவ்வேறு தடிமனுள்ள நைலான் இழைகளால் தொட்டுப் பார்த்தார்கள். 10 கிராம் விசையோடு தொடும் இழையை உணர முடியாதவர்கள்தான் கால்புண்ணுக்கு ஆளாகிறவர்கள் என்று 1986இல் எழுதினார்கள். இன்று உலகெங்கும் சர்க்கரை நோய் மருத்துவர்களின் மேசையில் கிடக்கும் 10 கிராம் இழை இப்படித்தான் வந்தது.

ஈர்க்குச்சியின் இயற்பியல்

10 கிராம் என்பது ஏறக்குறைய மூன்று ஒரு ரூபாய் நாணயங்களின் எடை. ஒருவர் மெதுவாக அழுத்துவார், இன்னொருவர் பலமாக அழுத்துவார். எல்லார் கையிலும் அந்த இழை எப்படி ஒரே அளவு அழுத்துகிறது?

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நுனியை உள்ளங்கையில் செங்குத்தாக வைத்து அழுத்திப் பாருங்கள். முதலில் குத்தும். இன்னும் அழுத்தினால் குச்சி வில்லாக வளையும். வளைந்தபின் நீங்கள் எவ்வளவு தள்ளினாலும் குச்சி மேலும் வளையுமே தவிர, உள்ளங்கையில் குத்துவது பெரிதாகக் கூடாது. வளையத் தொடங்கும் விசை குச்சியின் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. உங்கள் கைப்பலத்தைப் பொறுத்ததில்லை. நைலான் இழையின் ரகசியமும் இதுவே. ஆஸ்திரியாவில் பிறந்த மாக்ஸ் ஃபான் ஃப்ரை 1890களில் குதிரை முடியை வைத்து இதைச் செய்தார். முடி ஈரக்காற்றில் துவண்டுவிடும். போரில் தலையில் காயம்பட்டவர்களின் தொடுவுணர்வை அளந்த ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன் இருவரும் முடிக்குப் பதில் நைலானைக் கொண்டுவந்தார்கள்.

சோதனை எளிது, செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் கையில் தொட்டுக் காட்டி, "இப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல வேண்டும். பிறகு நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, கட்டைவிரலிலும் விரல்களின் அடிமேட்டிலும் இழை வளையும்வரை ஒன்றிரண்டு நொடி தொட வேண்டும். தோல் தடித்த இடத்தையும் கால் ஆணி இருக்கும் இடத்தையும் விட்டுவிட வேண்டும். தொட்டுவிட்டு "தெரியுதா?" என்று கேட்கக் கூடாது, நம் ஊரில் டாக்டர் கேட்டால் மரியாதைக்காவது "தெரியுது" என்பார்கள். சில சமயம் தொடாமலே கேட்டுப் பார்ப்பதும் உண்டு. இழைக்கும் களைப்பு வரும். ஒரே நாளில் பத்துப் பேருக்கு மேல் பயன்படுத்தினால் அது இளகி, 10 கிராமுக்குக் குறைவாகத் தொடும். அதற்கும் ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. நல்ல கால் 10 கிராமுக்கு மிகக் குறைவான தொடுதலையே உணர்ந்துவிடும். ஆகவே இந்த இழை தெரியவில்லை என்றால் சேதம் ஏற்கெனவே நெடுந்தூரம் போய்விட்டது. தெரிந்தால் நரம்பு முழு நலம் என்றும் சொல்லிவிட முடியாது. அதனால் இன்னொரு சாட்சியையும் சேர்த்து விசாரிக்கிறார்கள்.

அதிர்வு சொல்லும் சாட்சி

அந்தச் சாட்சி இசைக்கவை. தட்டினால் நொடிக்கு 128 முறை அதிரும் கவையின் அடியைக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள். அதிர்வு நின்றதும் நோயாளி சொல்ல வேண்டும். உடனே மருத்துவர் அதைத் தன் விரல் எலும்பில் வைத்துப் பார்ப்பார். நோயாளி "நின்னுடுச்சு" என்று சொன்ன பிறகும் மருத்துவரின் விரலில் அது வெகுநேரம் ரீங்கரித்தால், நோயாளியின் இழைகள் அடங்கிவருகின்றன.

இதையே மின்சாரத்தில் செய்யும் கருவி பயோதீசியோமீட்டர். அதிர்வை வோல்ட் கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த எண்ணில் "தெரிகிறது" என்கிறார் என்று குறிப்பார்கள். 25 வோல்ட்டைத் தாண்டியும் தெரியவில்லை என்றால் கால்புண்ணுக்கான ஆபத்து பல மடங்கு. வயது ஏறினாலே அதிர்வுணர்வு கொஞ்சம் குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சென்னை நகர மக்களிடையே நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு ஒன்றில் இந்தக் கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். 2008இல் வெளியான முடிவு: சர்க்கரை நோய் உள்ளவர்களில் 26.1 சதவீதம் பேருக்கு நரம்புச் சேதம். இதைவிட யோசிக்க வைப்பது இன்னொரு தகவல். அந்த ஆய்வில்தான் முதன்முதலாகத் தமக்குச் சர்க்கரை இருப்பதை அறிந்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நரம்பு கெட்டிருந்தது. ரத்தப் பரிசோதனைக்குப் போகுமுன்பே கடைமடை காயத் தொடங்கிவிட்டது.

நரம்பு மருத்துவர்களிடம் இன்னும் நுட்பமான வழிகள் உண்டு. நரம்புக் கடத்தல் சோதனையில் தோல்மேல் சிறு மின்தூண்டல் கொடுத்துச் சைகை ஓடும் வேகத்தையும் வலுவையும் அளப்பார்கள். ஆனால் அது பார்ப்பது தடித்த இழைகளை மட்டும். கால் தீயாக எரிகிறவருக்கு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அறிக்கை வருவது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மெல்லிய இழைகளை அந்தக் கருவிக்குத் தெரியாது. அவற்றைப் பார்க்க, 3 மில்லிமீட்டர் அகலத் தோலைக் கிள்ளி எடுத்துச் சாயமேற்றி இழை நுனிகளை எண்ணுவார்கள். இல்லையென்றால் கண்ணின் கருவிழிமேல் படர்ந்திருக்கும் நரம்பிழைகளைச் சிறப்பு நுண்ணோக்கியால் எண்ணுவார்கள். காலில் நடப்பது கண்ணில் தெரிகிறது.

எல்லா மதமதப்பும் சர்க்கரையால் வருவதில்லை. பி12 வைட்டமின் குறைவு, மது, தைராய்டு, தொழுநோய் எல்லாமே நரம்பைக் கெடுக்கலாம். நெடுநாள் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் எளிது. "சுகர்னாலதான்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

ஆறு விரல் தொடுங்கள்

அடங்கிப்போன இழையை மறுபடி எழுப்பும் மருந்து இன்னும் இல்லை. எரிச்சலைத் தணிக்க மருந்து உண்டு. சேதம் வளராமல் தடுக்கவும் முடியும்: முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1993இல் வெளியான பெரிய வட அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புச் சேதம் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் பலன் இதைவிடக் குறைவு. ஆகவே முந்திக் கண்டுபிடிப்பதற்குத்தான் மதிப்பு. இரண்டாம் வகைக்காரர்களுக்கு நோய் தெரிந்த அன்றே, பிறகு வருடம் ஒருமுறை கால் சோதனை வேண்டும்.

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பாதம் பாதுகாப்போம் என்று அரசுத் திட்டமும் இருக்கிறது. ஆனாலும் பரிசோதனைக்குப் போனால் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுகிறோம். ஏரி மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது போலத்தான் இதுவும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வடிவமைத்து, 2011இல் வெளியிட்டது. கருவி வேண்டாம், ஓர் ஆள்காட்டி விரல் போதும். தாத்தாவைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்தால் "வலது", "இடது" என்று சொல்லட்டும். வலது கால் கட்டைவிரல், சுண்டுவிரல். இடது கால் கட்டைவிரல், சுண்டுவிரல். பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒவ்வொன்றின் நுனியையும் இறகுபோல் ஒரே முறை, ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தடவவோ வேண்டாம். சொல்லாவிட்டால் மறுபடி தொட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாரமே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். அதுவரை வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். தொழிற்சாலைகளில் பாதுகாப்பு ஷூ போட்டு நிற்பவர்கள், மாட்டுமுன் அதைக் கவிழ்த்து உதறிக் கைவிட்டுப் பாருங்கள். இரவு படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவருக்கு, செருப்பு எங்கே என்று கேட்ட பேத்தி பார்த்துச் சொல்லட்டும்.